கட்டுவதற்கு முன்னால் தேடிப் பார்க்கணும்!



ஏரி ஓரமா ரோடு வருது, பாலம் வருதுன்னா நாம் முதலில் என்ன கேட்போம்? யார் நிலம் போகுது, எவ்வளவு பணம் தருவாங்கன்னு கேட்போம். அந்த ஈரத்தை நம்பி வாழும் உயிர்களைப் பற்றிக் கேட்பது குறைவு. அமெரிக்காவில் ஒரு சின்னப் பாம்புக்காக இதைக் கேட்கிறார்கள். எப்படி என்று தெரிந்து கொள்வோம்.

என்ன பாம்பு அது?

பெயர் மாசசாகா. வால் நுனியை ஆட்டி, கிலுகிலுப்பை மாதிரி சத்தம் எழுப்பும் விஷப்பாம்பு. இந்த இனம் நம் நாட்டில் கிடையாது. நீளம் சுமார் 2 அடிதான். அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றிய சதுப்பு நிலங்களிலும் பக்கத்து கனடாவிலும் வாழ்கிறது. எலிகளைத் தின்று அவை பெருகாமல் பார்த்துக் கொள்கிறது.

சதுப்பு நிலத்தை வடித்து வயலும் வீடும் ஆக்கினார்கள். பயத்தில் அடித்தும் கொன்றார்கள். இனம் சுருங்கிப் போனது. 2016-ல் அமெரிக்க அரசு இதை அழியும் ஆபத்துள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. அதனால் இது வாழக்கூடிய இடத்தில் மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள வேலை என்றால், முதலில் வனவிலங்குத் துறையோடு கலந்து பேச வேண்டும்.

எப்படித் தேடுகிறார்கள்?

* பயிற்சி பெற்றவர்கள்தான் தேடுவார்கள். பாம்பைக் கையாள அனுமதி வேண்டும்.
* குளிர்காலம் முடிந்ததும் போவார்கள். அப்போது பாம்பு வெயில் காய வெளியே வரும். புல்லும் உயரமாக வளர்ந்திருக்காது.
* மெதுவாக நடந்து, புல் புதராகப் பார்ப்பார்கள். காய்ந்த புல் நிறத்தில் அசையாமல் கிடப்பதால் பக்கத்தில் போனாலும் தெரியாது. பல நேரம் சத்தமும் போடாது.
* ஒரு நாள் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதிவிட முடியாது. பல நாள் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

இதுதான் முக்கியம் சகோதரிகளே. கண்ணில் படவில்லை என்பதும், அங்கே இல்லவே இல்லை என்பதும் ஒன்றல்ல!

தண்ணீரை வடித்தால் என்ன ஆகும்?

அங்கே குளிர்காலத்தில் தரை உறைந்துவிடும். பாம்பு நண்டு வளை மாதிரியான பொந்துக்குள் போய், உறையாத நிலத்தடி ஈரத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். அந்த நேரம் தண்ணீரை வடித்தால் உள்ளேயே விறைத்துச் செத்துவிடும். மேலே நிற்கிறவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

பாம்பு இருந்தால் வேலை நின்றுவிடுமா?

பெரும்பாலும் வேலை செய்யும் காலத்தையும் முறையையும் மாற்றுகிறார்கள். வேலையாட்களுக்குப் பாம்பை அடையாளம் காட்டுகிறார்கள். மண் சரியாமல் இருக்கப் போடும் பிளாஸ்டிக் வலையில் பாம்பு சிக்கிச் சாகும். அதற்குப் பதில் தேங்காய் நார் போன்ற இயற்கை நார் விரிப்பைப் போடலாம்.

நாம் என்ன செய்யலாம்?

பாம்பைத் தேடிப் போக வேண்டாம். பார்த்தால் விலகி நில்லுங்கள். ஆனால் நம் ஊர் நீர்நிலையில் எந்த மாதம் எந்தப் பறவை வரும், எங்கே ஆமை முட்டையிடும் என்பது ஆடு மேய்க்கிற, கோரை அறுக்கிற நமக்குத்தான் தெரியும். அதைக் குழு நோட்டில் எழுதி வையுங்கள்.

நம் நாட்டிலும் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பல பெரிய திட்டங்களுக்கு முன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அங்கேயும் கிராம சபையிலும் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. இங்கே என்ன உயிர்கள் உள்ளன என்று யார் பார்த்தார்கள்?
2. எந்த மாதத்தில் பார்த்தார்கள்?
3. எத்தனை முறை பார்த்தார்கள்?

கோடையில் ஒரு நாள் வந்து, காய்ந்த ஏரியைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தால் அது சரியான கணக்கு இல்லை. மழைக்காலத்தில் திரும்ப வரச் சொல்லுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள்.

– கள ஒருங்கிணைப்பாளர்