புயலோடு பௌர்ணமியும் சேர்ந்தால்

2021 மே 17 அன்று டவ்தே புயல் மும்பையைத் தொடவே இல்லை. கரையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள்ளேயே வடக்கே போய், அன்று இரவு குஜராத்தில் டையூவுக்கும் ஊனாவுக்கும் நடுவில் கரையேறியது. அப்படி ஒதுங்கிப் போன புயலின் ஓரக்காற்றே கொலாபாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 230 மில்லிமீட்டர் மழை. மே மாதத்தில் அந்த வானிலை நிலையம் அதுவரை இவ்வளவு மழையைப் பதிவு செய்ததில்லை. விமான நிலையத்தை மூடினார்கள், பாந்த்ரா–வர்லி கடல் பாலத்தை மூடினார்கள், கொரோனா தடுப்பூசி முகாம்களை நிறுத்தினார்கள். நகரம் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. நடுக்கடலில் ஓ.என்.ஜி.சி. வேலைக்கு நின்ற பி-305 என்ற பார்ஜும் ஓர் இழுவைப் படகும் மூழ்கி எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

இத்தனைக்கும், கடலைப் பொறுத்தவரை அது நல்ல நாள்.

காலண்டரைப் புரட்டினால் விஷயம் புரியும். அந்த மாத அமாவாசை 11ஆம் தேதி, பௌர்ணமி 26ஆம் தேதி. 17ஆம் தேதி இரண்டுக்கும் நடுவே வருகிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும், அதற்கு அடுத்த ஓரிரு நாட்களிலும் கடல் உச்சத்துக்கு ஏறும். நடுவில் உள்ள அஷ்டமி, நவமி வாக்கில் அவ்வளவாக ஏறாது. டவ்தே வந்தது அந்த அடங்கிய நாட்களில். ஒன்பது நாள் கழித்து, சரியாகப் பௌர்ணமியன்று, வங்கக் கடலில் யாஸ் புயல் ஒடிசாவின் பாலாசோர் அருகே கரையேறியது. டவ்தேயைவிட வலு குறைந்த புயல்தான். ஆனால் மேற்கு வங்கத்தில் திகாவின் கடைத்தெருவுக்குள் கடல் வந்தது. சுந்தரவனத்தில் மண் கரைகள் உடைந்து உப்புத் தண்ணீர் வயல்களில் நின்றது. வலு குறைந்த புயலுக்கு நிலா துணைக்கு வந்துவிட்டது.

டவ்தே ஒன்பது நாள் தாமதித்து மும்பைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளங்கிக்கொள்ள, இந்த ஊரில் தண்ணீர் எப்படி வெளியேறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்தவர்களுக்குக் கடல் ஏற்ற இறக்கம் பெரிய விஷயமாகத் தோன்றாது. மெரினாவில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர். மும்பையில் பெரிய நாட்களில் நாலரை மீட்டர் வரை போகும். அந்த நாட்களில் இரண்டரை ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை சில மணி நேரம் மூழ்கிப்போவது இதனால்தான். மும்பைக்கு வெளியே கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கிறது. வடக்கே காம்பே வளைகுடா குறுகிக்கொண்டே போகிறது. ஏறி வரும் தண்ணீர் பக்கவாட்டில் பரவ இடமில்லாமல் மேலே எழும்புகிறது. பாவ்நகர் பக்கம் போனால் இந்த ஏற்றம் பத்து மீட்டரை எட்டும்.

ஏற்றத்தின் நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஹைடைட், அதாவது ஏற்றத்தின் உச்சம், ஏறக்குறைய நடுப்பகல் பன்னிரண்டுக்கும் நள்ளிரவு பன்னிரண்டுக்கும் வரும். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். 2005 ஜூலை 21 பௌர்ணமி. ஐந்து நாள் கூட்டினால் ஜூலை 26 அன்று ஹைடைட் மாலை நாலு மணி வாக்கில் வர வேண்டும். அப்படித்தான் வந்தது, 4.48 மீட்டர் உயரத்துக்கு. அந்த நேரத்தில்தான் சாந்தாகுரூஸில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். அதே நாளில் கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். தென்மும்பையில் இருந்தவர்களுக்கு வடக்கே ஊர் மூழ்குவது வெகுநேரம் தெரியவே தெரியாது.

மழைத் தண்ணீருக்கு மும்பையில் போக்கிடம் கடல் ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்து வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் கணக்கில் கட்டப்பட்டவை, அதுவும் கடல் இறங்கியிருக்கும்போது. அவற்றில் பல, கடலில் போய் விழும் இடத்தில் ஹைடைட் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. கடல் ஏறினால் வடிகாலின் வாயைக் கடலே அடைத்துக்கொள்ளும். மதகு இருந்தால் மதகை மூட வேண்டும். இல்லாவிட்டால் கடல் தண்ணீரே கட்டர் வழியாகத் தெருவுக்கு ஏறி வரும். மழையே இல்லாத பௌர்ணமி மதியத்தில் கழிமுகத்தை ஒட்டிய தெருக்களில் கறுப்புத் தண்ணீர் கசிவது இப்படித்தான்.

தாராவியின் தண்ணீர் மித்தி ஆற்றுக்குப் போகிறது. விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரோடு புறப்படும் மித்தி, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, விமான நிலையத்தின் அடியிலும் குர்லா வழியாகவும் வந்து, பாந்த்ரா–குர்லா வளாகத்துக்கும் தாராவிக்கும் இடையே மாஹிம் கழிமுகத்தில் சேருகிறது. அந்த வளாகம் நிற்பதே சதுப்பை நிரப்பிய நிலத்தில். தாராவியும் அப்படித்தான், கோலிவாடா மீனவர்களின் ஊருக்குச் சுற்றிலும் இருந்த சேற்றில் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கிக் குடியேறியவர்களில் நம் தோல் பதனிடும் தொழிலாளர்களும் உண்டு. ஏழைகள் ஆற்றை ஆக்கிரமித்தார்கள் என்று ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் சொல்கிறார்கள். ஆற்றை நெருக்கியதில் ஓடுபாதைக்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் உள்ள பங்கைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது.

மாட்டுங்காவின் கதை வேறு. தாராவிக்குப் பக்கத்தில் இருந்தாலும் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதியின் தண்ணீர் மேற்கே போவதில்லை. நாலாக்கள் என்னும் பெரிய வடிகால்கள் வழியாகக் கிழக்கே மாஹுல் கழிமுகத்துக்குப் போகிறது. செம்பூரின் பெரும்பகுதித் தண்ணீரும் அங்கேதான். கிங்ஸ் சர்க்கிள் ஒரு தாம்பாளம் மாதிரி; நாலு பக்கமும் மேடு, நடுவில் பள்ளம். மாஹுல் கழிமுகம் ஏறி நிற்கும்போது இங்கே விழும் மழைக்குப் போக வழியில்லை. சண்முகானந்தா அரங்கில் கச்சேரிக்குப் போனவர்கள் முழங்கால் தண்ணீரில் வீடு திரும்புவதற்கு இதுதான் காரணம்.

இந்த ஏற்பாட்டின் மேல் புயல் வந்து உட்கார்ந்தால் இரண்டு விஷயங்கள் கூடுதலாக நடக்கும். புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். நாற்பது மில்லிபார் குறைந்த புயல் மையத்தின் அடியில் கடல் நாற்பது சென்டிமீட்டர் எழும்பி நிற்கும். அதைவிடப் பெரியது காற்றின் வேலை. கரையை நோக்கி மணிக்கணக்கில் அடிக்கும் காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து கரையில் குவிக்கும். கடல் ஆழமில்லாமல் இருந்தால் குவியல் இன்னும் உயரும். ஹைடைட் உயரத்தின் மேல் இது கூடுகிறது. இறங்க வேண்டிய நேரத்திலும் கடல் இறங்காமல் நிற்கும். வடிகாலின் வாய் திறக்கவே திறக்காது.

காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்பதில் தமிழ்நாட்டு அனுபவம் இங்கே தலைகீழாகிவிடும். நம் பகுதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். கிழக்குக் கரையில் புயல் கரையேறும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து அடிக்கும். ஆகவே சென்னைக்குச் சற்றுத் தெற்கே கரையேறும் புயல் சென்னைக் கடலை ஏற்றிவிடும். மேற்குக் கரையில் தெற்குப் பக்கம்தான் அடி வாங்கும். 2020 ஜூன் 3 அன்று நிசர்கா புயல் அலிபாக்குக்குத் தெற்கே கரையேறியது. பௌர்ணமிக்கு இரண்டே நாள் இருந்தது. இருந்தும் மும்பைக் கடல் ஊருக்குள் வரவில்லை. மும்பை புயலுக்கு வடக்கே அகப்பட்டதால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடித்தது. முருட், ஸ்ரீவர்தன் பகுதி மக்கள் அந்த விலையைக் கொடுத்தார்கள். அதே புயல் மும்பைக்குச் சற்று வடக்கே, வசாய் பக்கம் கரையேறியிருந்தால் காற்று மேற்கிலிருந்து மாஹிம் விரிகுடாவுக்குள் நேராக அடித்திருக்கும். மும்பை இரண்டு முறை தப்பித்தது. ஒரு முறை தேதியால், ஒரு முறை திசையால்.

1882இல் ஒரு பெரும்புயல் பம்பாயில் ஒரு லட்சம் பேரைக் கொன்றது என்று பல பட்டியல்களில் பார்க்கலாம். அப்படி ஒரு புயல் வரவே இல்லை என்று, பழைய பதிவுகளைத் துருவிய ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 1948 நவம்பரில் வந்த புயல் உண்மை. கட்டுக்கதையைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. அரபிக்கடல் சூடேறி வருவதால் புயல்கள் வலுத்து வருகின்றன என்பது போதும்.

புயல் என்று பெயர் வைத்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. 2020 ஆகஸ்ட் 5 அன்று, பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து, பெயரில்லாத ஒரு பருவக்காற்று கொலாபாவில் 106 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. மறுநாள் காலைக்குள் அங்கே 330 மில்லிமீட்டர் மழை. நிலாவை மட்டும் நம்புவதும் தப்பு. 2025 ஆகஸ்ட் 19 கடல் உச்சத்தில் இல்லாத நாள். ஆனாலும் மித்தி பொங்கி, குர்லாவில் ஆற்றோரக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். ஹார்பர் லைன் ரயில் நின்றதால் எல்லாரும் மோனோரயிலில் ஏற, பாரம் தாங்காமல் அது செம்பூர் மைசூர் காலனி அருகே அந்தரத்தில் நின்றது. உள்ளே ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள்.

மாநகராட்சி சும்மா இருக்கவில்லை. 1993இலேயே வடிகால் சீரமைப்புத் திட்டம் தயார். 2005 வெள்ளத்துக்குப் பிறகே அதற்கு உயிர் வந்தது. மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும்படி வடிகால்களை விரிப்பது, கடலோரத்தில் எட்டு பம்பிங் நிலையங்கள் கட்டுவது என்று திட்டம். ஹாஜி அலி, லவ்குரோவ், பிரிட்டானியா என்று ஆறு நிலையங்கள் வந்துவிட்டன. மதகை மூடிவிட்டு ஒவ்வொரு பம்பும் நொடிக்கு 6,000 லிட்டரைக் கடலுக்குள் தள்ளும். ஹிந்த்மாதா பகுதியில் தேங்கும் தண்ணீரை மைதானங்களுக்கு அடியில் தொட்டி கட்டிச் சேர்த்து, கடல் இறங்கியபின் விடுகிறார்கள். நல்ல யோசனை. ஆனால் மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் செம்பூருக்கும் வேண்டிய மாஹுல் நிலையம் மட்டும் உப்பள நிலச் சிக்கலில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. கிங்ஸ் சர்க்கிளில் வைத்த சிறிய பம்புகள் ஒட்டுப்போடும் வேலைதான்.

ஆகவே எச்சரிக்கை வந்தால் மழை எவ்வளவு என்பதோடு ஹைடைட் எத்தனை மணிக்கு என்றும் பாருங்கள். அதற்கு முன்பின் இரண்டு மணி நேரம் கிங்ஸ் சர்க்கிள், ஹிந்த்மாதா, மித்திக் கரை வழியாகப் பயணம் வேண்டாம். தாராவியில் கீழ்வீட்டில் இருப்பவர்கள் ரேஷன் அட்டை, ஆதார், அரிசியைப் பரணுக்கு ஏற்றி, தண்ணீர் வாசலைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். கூரைத் தகரத்தின் மேல் கிடக்கும் செங்கல்லையும் டயரையும் கட்டிவையுங்கள். காற்றில் ஆளைக் கொல்வது அவைதான். தேங்கிய தண்ணீரில் நடந்தே ஆக வேண்டுமென்றால் குச்சியால் தரையைத் தட்டிப் பார்த்து நடங்கள். 2017 ஆகஸ்ட் 29 அன்று பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர் பிரபாதேவி பக்கம் திறந்திருந்த மேன்ஹோலில் விழுந்தார். இரண்டு நாள் கழித்து உடல் வர்லி கடலோரத்தில் கிடைத்தது. வெள்ளத்தில் நடந்தவர்கள், முக்கியமாகக் காலில் புண் உள்ளவர்கள், எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரைக்கு 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். உதவிக்கு எண் 1916.

கடல் 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பே வெளியிடுகிறது. பத்திரிகையில் வந்ததும் வெட்டியெடுத்து, சுவரில் தொங்கும் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.