தர்பூசணிக்கு ஒரு கொசுவலை!

ஈ.சி.ஆர். ரோட்டில் பாண்டிச்சேரிக்கு பைக்கில் பறக்கும் இளைஞர்களே, மரக்காணம் வந்ததும் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். வெள்ளை வெளேரென்று உப்பளம் கண்ணைப் பறிக்கும். கோடை என்றால் ரோட்டோரத்தில் பச்சைக் குன்றுகளாகத் தர்பூசணி! திண்டிவனம் - மரக்காணம் வட்டாரம் விளைவிக்கிற சரக்கு.

அந்தப் பழத்துக்கு ஓர் எமன் உண்டு. பெயர் இலைப்பேன். ஆள் சைஸ் ஒரு மில்லிமீட்டர்தான். சாற்றை மட்டும் உறிஞ்சினால் 'போகட்டும்' என்று விட்டுவிடலாம். போகிற போக்கில் மொட்டுக் கருகல் வைரஸையும் ஏற்றிவிட்டுப் போகிறான். நுனி கருகும். கொடி முடங்கும். காய்ப்பு அம்பேல்!

வைரஸ் புகுந்த செடிக்கு வைத்தியமே கிடையாது. நகையை அடகு வைத்து விதை வாங்கினவர் என்ன செய்வார்? பூச்சிமருந்தை அடிப்பார். மறுபடி அடிப்பார். பூச்சிக்கு அது பழகிப்போகும், கடன்தான் பழகாது.

சரி, கொசுவுக்கு நாம் என்ன செய்கிறோம்? வலைக்குள் படுக்கிறோம். அதேதான் ஸார் சமாசாரம்! மகாராஷ்டிரத் தர்பூசணி விவசாயிகள் பாத்திமேல் கம்பியை வில்லாக வளைத்து நட்டு, வெள்ளைத் துணியால் மூடுகிறார்கள். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை இருக்கிறதே, அதே ஜாதி. ஆனால் ரொம்ப மெலிசு. சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிராம். வெயில், காற்று, தண்ணீர் உள்ளே போகும். பூச்சி போகாது.

இதிலும் சூட்சுமம் உண்டு.

ஒன்று: நட்ட அன்றே மூட வேண்டும். ஒரு வாரம் கழித்து மூடினால், திருடனை உள்ளே வைத்துப் பூட்டின கதை!

இரண்டு: போன போகம் தர்பூசணி போட்ட மண்ணிலேயே மறுபடி போடக் கூடாது. இலைப்பேனின் கூட்டுப்புழு மண்ணில்தான் தூங்கும். துணிக்குள்ளேயே விழித்துக்கொள்ளும்.

மூன்று: துணியின் ஓரத்தை மண் போட்டு நன்றாக அணைக்க வேண்டும். மரக்காணம் கடல்காற்றுக்கு, இல்லாவிட்டால் துணி உப்பளத்தில் போய்க் காயும்!

நான்கு, ரொம்ப முக்கியம்: பூ வந்ததும் துணியை எடுத்துவிட வேண்டும். தர்பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நடுவில் தூது போகத் தேனீ வேண்டாமா? காதலுக்குத் திரை போட்டால் காய் ஏது? இளம் பருவத்தில் தப்பித்த கொடி, அதற்குள் நன்றாகத் தேறியிருக்கும்.

மொட்டைமாடித் தோட்டக்காரர்களே, கீரைக்கு இந்தக் காதல் தொல்லை இல்லை. விதைத்ததிலிருந்து பறிக்கிற வரை மூடியே வைக்கலாம். தக்காளி நாற்று என்றால் 40 மெஷ் நைலான் வலை, அதாவது ஓர் அங்குலத்துக்கு 40 கண் உள்ளது, வெள்ளை ஈயை வாசலிலேயே நிறுத்தும்.

மருந்து தெளிக்காத கீரையை டிபன் பாக்ஸில் ஆபீசுக்கு எடுத்துப் போங்கள். மேனேஜரே ஒரு கை கேட்பார்!