கூண்டுக்கோழிக்கும் சட்டம் உண்டு

ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைத் தமிழகம் முழுக்க விவாதித்தோம். அதே தீர்ப்பு, விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்களையும் வலியுறுத்தியது. அவற்றில் ஒன்று, தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம். அது காளைக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் நம் அக்கறை பெரும்பாலும் காளை, யானை, தெருநாய் என்று கண்ணில் படும் விலங்குகளோடு நின்றுவிடுகிறது. எண்ணிக்கையில் இவற்றையெல்லாம் விஞ்சும் முட்டைக்கோழி கொட்டகைக்குள் மறைந்துகிடக்கிறது.

நாமக்கல் போன்ற முட்டை உற்பத்தி மையங்களில் முட்டைக்கோழிகள் வாழ்வது கம்பிக் கூண்டுகளில். அடுக்கடுக்கான இந்தக் கூண்டுகளில் ஒரு கோழிக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடம் ஓர் ஏ4 தாளைவிடக் குறைவு. சிறகை முழுதாக விரிக்க முடியாது. மண்ணைக் கிளறுவது, புழுதியில் புரள்வது, மறைவான இடம் தேடி முட்டையிடுவது என்று கோழியைக் கோழியாக்கும் எதற்கும் அங்கே வழியில்லை. ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடுவதற்காகவே உருவாக்கப்பட்ட இனங்கள் இவை. முட்டை ஓட்டுக்கு உடம்பின் சுண்ணாம்புச் சத்து போய்விட, நடமாட்டமும் இல்லாததால் எலும்பு எளிதில் முறிகிறது. நியாயமான அளவு நடமாட இடமில்லாத கூண்டில் எந்த விலங்கை அடைத்தாலும் குற்றம் என்கிறது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்! சட்டம் இருந்தும் கூண்டுகள் பெருகியதற்கு இந்தத் தொகையே போதுமான விளக்கம். முட்டைக்கோழிகளின் நிலையை ஆராய்ந்த இந்தியச் சட்ட ஆணையம் 2017-ல் தனி அறிக்கையே அளித்தது.

ஏழைக் குழந்தைக்கு மலிவாகக் கிடைக்கும் புரதம் முட்டைதானே என்பார்கள். உண்மை. சத்துணவில் முட்டை சேர்ந்தது தமிழகம் பெருமைப்பட வேண்டிய செயல். அதை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. கேள்வி முட்டை வேண்டுமா என்பதல்ல, கூண்டு வேண்டுமா என்பதே. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் வெறும் கம்பிக் கூண்டுகளைத் தடை செய்தது. அங்கே முட்டைத் தொழில் அழிந்துவிடவில்லை. கூண்டில்லா வளர்ப்பில் செலவு கூடும் என்பதும், நோய்க் கண்காணிப்புக்குக் கூடுதல் உழைப்பு வேண்டும் என்பதும் மறுக்க முடியாதவை. விலை ஏறி இறங்கும்போதெல்லாம் தவிக்கும் பண்ணையாளர் தலையில் மட்டும் அந்தச் சுமையை ஏற்றுவது அநியாயம். முட்டையை மொத்தமாக வாங்கும் அரசு இதில் பங்கேற்கலாம். சத்துணவுக் கொள்முதலில் ஒரு சிறு பகுதியைக் கூண்டில்லாப் பண்ணைகளுக்கு ஒதுக்கி, கூடுதல் விலையைத் தானே ஏற்று, ஆண்டுதோறும் அந்தப் பங்கை உயர்த்த வேண்டும். அடுத்த டெண்டரிலேயே அதைத் தொடங்கட்டும்.