பணம் கட்டும் முன் படிகளைத் தெரிந்துகொள்வோம்



ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கும் வேலையில் நம் சமுதாயப் பிள்ளைகள் ஆர்வம் காட்டுவது மகிழ்ச்சிக்குரியது. “ஆர்.பி.டி. முடித்தால் பி.சி.பி.ஏ. ஆகிவிடலாம்” என்ற நம்பிக்கையில் கல்வி உதவி கேட்டு எங்களிடம் வருவோரும் உண்டு. அவர்களுக்காகவே இந்த விளக்கம்.

இவை இரண்டும் பி.ஏ.சி.பி. என்ற அமெரிக்க வாரியம் வழங்கும் சான்றிதழ்கள். ஆர்.பி.டி. என்பவர் பிஹேவியர் டெக்னீஷியன். மேலே உள்ளவர் வகுத்த திட்டப்படி குழந்தையுடன் அமர்ந்து பயிற்சி தருபவர். பள்ளிப் படிப்பு, 18 வயது, 40 மணி நேரப் பயிற்சி, செய்முறை மதிப்பீடு, தேர்வு ஆகியவை இதற்குத் தேவை. அவர் தனித்து இயங்க முடியாது, மேற்பார்வையாளர் கட்டாயம்.

பி.சி.பி.ஏ. என்பவர் பிஹேவியர் அனலிஸ்ட். குழந்தையை மதிப்பிட்டுத் திட்டம் வகுப்பவர் இவரே. இதற்கு முதுகலைப் பட்டம், குறிப்பிட்ட பாடங்கள், மேற்பார்வையில் 2,000 மணி நேரக் களப்பணி (மேற்பார்வை கூடுதலாக இருந்தால் 1,500), அதன்பின் தேர்வு என அத்தனையும் வேண்டும்.

பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. டெக்னீஷியனாகப் பார்த்த வேலை அப்படியே களப்பணிக் கணக்கில் சேர்ந்துவிடாது. அந்தப் பாடங்களைப் படிக்கத் தொடங்கிய பிறகு செய்யும் மணி நேரங்களே கணக்கில் வரும். அதிலும் குழந்தைக்கு நேரடியாகப் பயிற்சி தருவது 40 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மீதி மதிப்பீடு, திட்டம் எழுதுதல், பெற்றோருக்குக் கற்றுத் தருதல் போன்ற பணிகளாக இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது, 2023 ஜனவரி முதல் இந்தியாவில் வசிப்பவர்கள் இந்த வாரியத்தின் சான்றிதழ்களுக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. இங்கே 40 மணி நேர வகுப்பு படிக்கலாம்; ஆனால் அது ஆர்.பி.டி. பட்டம் ஆகாது. திருமணமாகி அமெரிக்கா செல்லும் பிள்ளைகளுக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. அங்கும் பல மாநிலங்களில் பி.சி.பி.ஏ.வுடன் தனி உரிமமும் பெற வேண்டும்.

அப்படியானால் இங்கே இருப்பவர்களுக்கு என்ன வழி? சிறப்புக் கல்வித் துறையில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் (ஆர்.சி.ஐ.) அங்கீகாரமும் பதிவுமே செல்லும். அந்த அங்கீகாரம் பெற்ற சிறப்புக் கல்விப் படிப்புகளை முடிப்பவர்கள் பதிவு எண் பெற்றுப் பணிபுரியலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனமான நிப்மெட்டிலும் இத்தகைய படிப்புகள் உள்ளன. குழந்தைகளோடு பழகிய அனுபவம் இங்கே நிச்சயம் கைகொடுக்கும்.

ஆகவே பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சான்றிதழ் தருவது யார்? இந்தியாவில் இருந்தபடி அதைப் பெற முடியுமா? ஆர்.சி.ஐ. அங்கீகாரம் உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம்.

நீங்கள் தரும் ஜகாத்தும் சதக்காவும் எங்களிடம் உள்ள அமானிதம். எனவே கல்வி உதவி கேட்டு வரும்போது அந்தப் பதிலையும் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்த்து முடிவெடுப்போம், இன்ஷா அல்லாஹ்.