அடக்கவும் தெரிந்த உடம்பு

கபசுரக் குடிநீருக்கு வரிசையில் நின்ற 2020-இலிருந்து, எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது பற்றித்தான் எங்கும் பேச்சு. 2025-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவர் ஆராய்ந்ததோ, அந்தச் சக்தியை உடம்பு எப்படி அடக்கி வைக்கிறது என்பதை.

நம் உறுப்புகளையே தாக்கக் கிளம்பும் எதிர்ப்புச் செல்களை அடக்கும் தனிவகை டி செல்களை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் அடையாளம் காட்டினார். ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதானால் இந்த அடக்கம் குலைந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பது, அமெரிக்காவின் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001-இல் கண்டதிலிருந்து துலங்கியது.

உடம்பிடம் இன்னொரு வழியும் உண்டு. சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசாலைச் சுரந்து அழற்சியைத் தணிக்கிறது. காலையில் அது உச்சம். நள்ளிரவில் மிகக் குறைவு. வீசிங் உள்ளவர்கள் நடுராத்திரியில் எழுந்து உட்கார்வதற்கு இதுவும் ஒரு காரணம். கார்டிசாலின் செயற்கை வடிவங்கள்தான் ஸ்டீராய்டு மருந்துகள். சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரில் நின்றுகொண்டு பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

கன்டெய்னர் லாரிப் புழுதி படிந்த கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை. “அண்ணே, போன வாட்டி குடுத்த அதே செட்டு, மூணு வேளைக்குக் குடுண்ணே” என்கிறார் மீன்கூடையை இறக்கி வைத்த அக்கா. கத்தரியால் அட்டைகள் வெட்டப்படுகின்றன: ஒரு மஞ்சள், ஒரு ரோஸ், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை. “டிபன் சாப்ட்டுப் போட்டுக்கம்மா.” பெயர் அச்சிட்ட ஓரம் கடையிலேயே தங்கிவிடுகிறது. இப்படித் தரும் செட்டுகளில் அந்த வெள்ளை மாத்திரை பல நேரம் டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசலோன். மூட்டுவலி, இளைப்பு, அரிப்பு எல்லாம் ஒரே ராத்திரியில் அடங்கும், பசியும் எடுக்கும். கடைக்காரருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வரும்.

அந்த மாத்திரையை வாரக்கணக்கில் தொடர்ந்தால், வெளியிலிருந்து வருவதே போதும் என்று மூளை அட்ரீனலுக்குக் கொடுக்கும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது, சுரப்பி சுருங்குகிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். என்னை அதிகம் பயமுறுத்துவது காசநோய். 2019–21 தேசியக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்குக் காசநோய்க் கிருமித் தொற்று இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது நோயாவதில்லை. எதிர்ப்புச் செல்கள் கிருமியைச் சுற்றி நின்று மடக்கி வைத்திருக்கின்றன. ஸ்டீராய்டு அந்தக் காவலைத் தளர்த்துகிறது. காய்ச்சலையும் அமுக்கிவிடுவதால், இருமல் முற்றும்வரை ஆளுக்குத் தெரிவதுமில்லை. ஒரே அறையில் ஆறேழு தொழிலாளர்கள் படுத்துறங்கும் இந்த வட்டாரத்தில் அது ஒருவரோடு நிற்காது.

ஸ்டீராய்டு உயிர்காக்கும் மருந்து என்று மருத்துவர்கள் சொல்வது உண்மை. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரில் போகும் சிறிய அளவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மருத்துவர் சீட்டைப் பார்க்காமல் கடையில் வெட்டிக் கொடுப்பதை எந்த வாதமும் நியாயப்படுத்தாது. சட்டமும் அனுமதிக்கவில்லை.

வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ போட்டவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். சுருங்கிய அட்ரீனல் உடனே விழித்துக்கொள்ளாது. வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வந்து உயிரே போகலாம். மிச்ச மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். சளிப் பரிசோதனையையும் சர்க்கரைப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் அங்கே காசு கிடையாது.