மழைக்கும் நிழல் உண்டு

கோடை விடுமுறையில் ஒரு கேம் நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவரிடம், "மழையைக் கொஞ்சம் சரிசெய்" என்று ஒரு வேலையைக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து நாலு கோடுகளை விழவிட்டால் மழை வந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றும்.

கேமின் காட்சி, ஒலி, அசைவு எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் அடிப்படை மென்பொருளுக்குக் கேம் என்ஜின் என்று பெயர். அது விநாடிக்கு 60 படங்கள் வரைகிறது என்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. நாம் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் ஆறு படங்களாவது முடிந்திருக்க வேண்டும். சாதாரண ஃபுல் எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு படத்திலும் அத்தனைக்கும் நிறம் சொல்லியாக வேண்டும். இந்த நெருக்கடியில் மழைக்குக் கிடைக்கும் பங்கு மிகச் சிறியது.

அதனால் ஊர் முழுக்க மழை பெய்வதே இல்லை. பல கேம்களில், நாம் காட்சியைப் பார்க்கும் கேமராவைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி இருக்கும். துளிகள் அதற்குள் மட்டும்தான். பெட்டியின் அடியைத் தொட்ட துளி அப்படியே அதன் உச்சிக்குத் தாவி மறுபடி விழும். நாம் ஓடினால் மழையும் கூடவே ஓடிவரும். தூரத்து மழைக்கு மெல்லிய மூடுபனி போதும்.

பெரிய மழைத்துளி விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அது 15 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அதைப் புள்ளியாக வரைந்தால் திரையில் துள்ளித் துள்ளி விழும். அதனால்தான் துளியைக் கோடாக இழுத்து வரைகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் கூரையில் இருக்கிறது. வீட்டுக்குள் மழை பெய்யக்கூடாது என்பது துளிக்கு எப்படித் தெரியும்? வானத்தில் இன்னொரு கேமராவை நிறுத்தி, நேர் கீழே பார்க்க வைக்கிறார்கள். அது நிறத்தைப் பதிவுசெய்யாது. ஒவ்வொரு இடத்திலும் முதலில் தட்டுப்படும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். இதை ஆழப்படம் என்கிறார்கள். கூரையைவிடக் கீழே போன துளி மறைக்கப்படும். கூரையின் மேல் எந்த உயரத்தில் நீர் தெறிக்க வேண்டும் என்பதையும் அதே படம் சொல்லிவிடும். கேம்களில் வெயிலின் நிழல் விழுவதும் பெரும்பாலும் இதே கணக்கில்தான். என்ஜினைப் பொறுத்தவரை, திண்ணையோரத்தில் நனையாமல் கிடக்கும் தரை மழையின் நிழல்.

நனைந்த தரை இன்னொரு அதிசயம். சிமென்ட் தரையில் தண்ணீர் பட்டதும் அது கருக்கிறது, கூடவே பளபளக்கவும் செய்கிறது. நுண்துளைகளை நீர் நிரப்புவதால் உள்ளே போன ஒளி பலமுறை முட்டி மோதி, பெரும்பகுதி உறிஞ்சப்படுகிறது. மேலே படிந்த நீரோ கண்ணாடியாகிறது. என்ஜினில் இதற்கு முக்கியமாக இரண்டு எண்களை மாற்றினால் போதும்: நிறத்தின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், சொரசொரப்பையும் குறைக்க வேண்டும். துளிகளை ஒன்றுவிடாமல் நீக்கிவிட்டாலும், இந்த இரண்டு எண்களே மழை பெய்ததை நம்பவைத்துவிடும்.

மேகம் மட்டும் அவ்வளவு சுலபத்தில் வசப்படாது. அதற்கு மேற்பரப்பே கிடையாது. திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிரை அனுப்பி, அடிக்கு அடி நின்று "இங்கே எவ்வளவு அடர்த்தி?" என்று கேட்க வேண்டும். அந்த அடர்த்தியைத் தருவது 'இரைச்சல்' என்னும் கணிதச் சூத்திரம். தாறுமாறாகத் தோன்றினாலும் சீராக ஏறி இறங்கும் எண்களை அது உருவாக்கும். 1980களில் இதன் புகழ்பெற்ற வடிவத்தை உருவாக்கிய கென் பெர்லினுக்கு, 1997இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

ஆம்ஸ்டர்டாமின் கெரில்லா கேம்ஸ் நிறுவனம் 'ஹொரைசன் ஸீரோ டான்' கேமுக்காக இந்த மேகக் கணக்கைச் சுமார் 2 மில்லிவிநாடிக்குள் அடக்கியது. ஒவ்வொரு படத்திலும் 16 புள்ளிகளில் ஒன்றை மட்டுமே புதிதாகக் கணக்கிட்டார்கள். மற்ற பதினைந்தும் முந்தைய படங்களிலிருந்து, கேமரா நகர்ந்த அளவுக்கு நகர்த்தி எடுத்துக்கொள்ளப்பட்டவை. மேகம் மெதுவாக நகர்வதால் இது செல்லுபடியாகிறது. ஆட்டக்காரர் சட்டென்று திரும்பினால் திரையோரத்தில் பழைய மேகமே இருக்காது. அங்கே மட்டும் தெளிவு குறைந்த ஒரு மேகத்தை நிரப்பிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் மெல்லத் திருத்திக்கொள்கிறது என்ஜின்.