பண்டிகைப் பந்தியில் கடைசி இலை யாருக்கு?



பொங்கல், தீபாவளி வந்துவிட்டால் நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் உறவுகளின் வரத்துப்போக்கு அதிகம். குவார்ட்டர்ஸில் இருக்கும் அண்ணன் குடும்பம் கிராமத்துக்கு வரும். கிராமத்தில் இருப்பவர்கள் கரும்பும் மஞ்சள் கொத்தும் எடுத்துக்கொண்டு நகரியத்துக்குப் போவார்கள். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு பல மாநிலத்தாரும் வந்து குடியேறிய இடம் அது. பக்கத்து வீட்டு மலையாளிக்கும் தெலுங்கருக்கும் ஒரு தூக்குச் சர்க்கரைப் பொங்கல் போகாமல் இருக்காது. நல்ல வழக்கம்.

ஆனால் வீட்டுப் பந்தியைச் சற்றுக் கவனியுங்கள். முதல் பந்தியில் விருந்தாளிகளும் ஆண்களும். அடுத்து குழந்தைகள். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டிய மருமகள் பகல் மூன்று மணிக்குத்தான் இலையின் முன் உட்காருகிறாள். அப்போது சோறு இருக்கும். கீரை, பருப்பு, கறி எல்லாம் வழித்த சட்டியாகத்தான் இருக்கும். “எனக்குப் பசியே இல்லைங்க” என்பாள். நம்பாதீர்கள்!

அவள் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தால் என்ன ஆகும்? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்த சோகை. பண்டிகை ஒரு நாள்தானே என்று கேட்பீர்கள். பண்டிகையன்று கடைசியில் சாப்பிடுகிறவள் மற்ற நாட்களிலும் கடைசியில்தான் சாப்பிடுகிறாள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்த சோகை. 7-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை. மூச்சு வாங்கும், குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், பிரசவத்தில் சிறிது இரத்தம் போனாலும் உடம்பு தாங்காது.

நான்காம் மாதத்திலிருந்து 180 நாட்களுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைப் பண்டிகை நாளிலும் விடக்கூடாது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். மாத்திரையைக் காப்பி, டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள். சத்து உடம்பில் ஒட்டாது. முருங்கைக்கீரை, பயறு, ஆட்டுக்கறி இவற்றோடு எலுமிச்சம் பழமோ கொய்யாவோ சேர்ந்தால் நன்றாக ஒட்டும்.

“பெரியவங்க இருக்கும்போது நான் எப்படி முன்னாடி உட்கார்றது?” என்று மருமகள் தயங்குவாள். நியாயம்தான். ஆகையால் அழைக்க வேண்டியவர் மாமியார். “வாம்மா, வயித்துப் பிள்ளைக்காரி, நீ முதல்ல உட்காரு” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். கணவன்மார்களே, நீங்கள் பரிமாறினால் என்ன குறைந்துவிடும்? பக்கத்து வடலூரில் 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம் எதுவும் பாராமல், பசித்தவர் எவருக்கும் அங்கே சோறு உண்டு. தைப்பூசத்துக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறோம்; நம் வீட்டுப் பந்தியில் மட்டும் பசித்தவளுக்குக் கடைசி இலை.

இன்னொரு சங்கதி. அவர் இரவு ஷிப்டுக்குப் போயிருப்பார். அவர் பங்குக் கறிக்குழம்பைச் சட்டியோடு மூடி வைத்து, காலையில் சூடு பண்ணிக் கொடுப்பார்கள். பாசம்தான், ஆனால் ஆபத்து. சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. பிரிஜ் இருந்தால் சிறிய பாத்திரத்தில் ஆற்றி உள்ளே வையுங்கள். எடுத்ததும் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பிரிஜ் இல்லாத வீட்டில் அவருக்கான கறியைக் காலையில் வாங்கிச் சமைப்பதே மேல். குழந்தைக்கு வாந்தி பேதி கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தாமதமின்றி சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் விருந்துக்கு வந்தால் இலை போட்டதும் “என்னம்மா, விசேஷம் ஏதும் இல்லையா?” என்று கேட்கிறோம். அந்தப் பெண்ணுக்கு அதோடு சோறு இறங்காது. எப்போது பிள்ளை பெறுவது என்பது அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். தள்ளிப்போட நினைத்தால் நிரோத், மாலா-என் மாத்திரை, காப்பர்-டி பற்றிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் இருவருமே டாக்டரைப் பாருங்கள். மனைவியை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள், காரணம் ஆணிடமும் இருக்கலாம்.